வெள்ளி யாருடையது? பழைய கப்பல் வழக்குகளில் வணிகர் சாட்சியம்

1652ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கும் டச்சுக் குடியரசுக்கும் இடையே கடற்போர் மூண்டிருந்த வேளையில், ஸ்பெயினின் காதிஸ் துறைமுகத்தில் வெள்ளி ஏற்றிக்கொண்டு வடக்கு நோக்கி வந்த சாம்சன், சால்வடார், ஜார்ஜ் என்ற மூன்று கப்பல்களை ஆங்கிலேயர் பிடித்தனர். பிடிபட்டவர்கள், தாங்கள் ஹாம்பர்க், லூபெக் முதலிய ஜெர்மானிய வணிக நகரங்களைச் சேர்ந்தவர்கள் என்றனர். அந்த நகரங்கள் போரில் எந்தப் பக்கமும் சேராதவை. லண்டனில் இருந்த ஸ்பெயின் தூதர் அலோன்சோ தெ கார்தெனாஸ், வெள்ளி தம் மன்னரின் குடிமக்களுக்கு உரியது என்று முறையிட்டார். ஸ்பெயினோடும் அப்போது இங்கிலாந்துக்குப் பகை இல்லை. பிடித்த தரப்போ, இது ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்ச் சேரவிருந்த டச்சு வணிகர்களின் வெள்ளி என்றும், மற்ற பெயர்கள் எல்லாம் அதன் மேல் விரித்த போர்வை என்றும் வாதிட்டது. ஒரே சரக்குக்கு மூன்று விதமான உரிமைக் கதைகள் நீதிமன்றத்தின் முன் வந்து நின்றன. வெள்ளிக் கட்டிக்கு வாய் இல்லை. ஆகவே வணிகர்களையும் மாலுமிகளையும் பேச வைக்க வேண்டியிருந்தது.

இத்தகைய வழக்குகளில் வணிகர்கள் கொடுத்த சாட்சியம் எப்படிப்பட்டது, அது ஏன் தேவைப்பட்டது, அதை எப்படி எடைபோட்டார்கள் என்பவற்றை, கடல்சார் சட்டத்தில் முன்பழக்கம் இல்லாதவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

முதலில் அடிப்படை விதியைப் பார்ப்போம். போர்க்காலத்தில் எதிரி நாட்டவரின் கப்பலையும் சரக்கையும் கடலில் பிடித்து, நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பெற்றபின் விற்றுப் பங்கிட்டுக்கொள்வது அன்றைய ஐரோப்பாவில் சட்டபூர்வமான செயல். நட்பு நாட்டவரின் சரக்கையோ நடுநிலை நாட்டவரின் சரக்கையோ பிடித்தால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒரே கப்பலில் இருவகைச் சரக்கும் கலந்திருந்தால் என்ன செய்வது? மத்திய தரைக்கடல் வணிகர்களின் வழக்கங்களைத் தொகுத்து 1494இல் பார்சிலோனாவில் அச்சிடப்பட்ட 'கொன்சொலாத் தெல் மார்' என்ற சட்டத் தொகுப்பு இதற்கு ஒரு விடை சொன்னது. கப்பல் யாருடையது என்பது வேறு, சரக்கு யாருடையது என்பது வேறு. நடுநிலையாளரின் கப்பலில் இருந்தாலும் எதிரியின் சரக்கு எதிரியின் சரக்கே என்பது அந்த விடை. 1674இல் இங்கிலாந்தும் டச்சுக்காரரும் செய்துகொண்டது போன்ற சில உடன்படிக்கைகள், நடுநிலைக் கப்பலில் ஏறிய சரக்கு முழுவதற்கும் பாதுகாப்பு உண்டு என்று இந்த விதியைத் திருப்பிப் போட்டன. அத்தகைய உடன்படிக்கை இல்லாத இடங்களில், பிடிபட்ட ஒவ்வொரு கப்பலிலும் ஒவ்வொரு பொதிக்கும் தனித்தனியாக 'இது யாருடையது?' என்று கேட்க வேண்டியிருந்தது.

இங்கேதான் நமக்கு நன்கு தெரிந்த ஒரு சொல் உதவிக்கு வருகிறது: பினாமி. பணம் ஒருவருடையது, பத்திரத்தில் உள்ள பெயர் வேறொருவருடையது. நிலத்திலும் வீட்டிலும் நாம் காணும் இந்த ஏற்பாடு, 17ஆம் நூற்றாண்டுக் கடல் வணிகத்தில் அன்றாட நடைமுறையாக இருந்தது. போர் மூண்ட உடனே ஆம்ஸ்டர்டாம் வணிகர் ஒருவர் ஹாம்பர்க்கில் உள்ள தம் உறவினரின் பெயரையோ, வணிகக் கூட்டாளியின் பெயரையோ சரக்குச் சீட்டில் எழுதச் சொல்வார். கப்பலும் ஹாம்பர்க் கொடியோடு புறப்படும். எதிரிக் கப்பல் மறித்தால் காட்டுவதற்குத் தாள்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

ஆனால் வெள்ளியில் இந்தச் சிக்கல் மற்றச் சரக்குகளைவிட ஒரு படி ஆழமானது. அதற்குக் காரணம் ஸ்பெயினின் சட்டங்களே. 1545இல் தென் அமெரிக்காவின் பொட்டோசியிலும் 1546இல் மெக்சிகோவின் சகாத்தேகாஸிலும் பெரும் வெள்ளிச் சுரங்கங்கள் கண்டறியப்பட்ட பின், அந்த வெள்ளி ஆண்டுதோறும் கப்பல் தொகுதிகளாக ஸ்பெயினுக்கு வந்தது. அமெரிக்காவோடு வணிகம் செய்ய அந்நியருக்கு நேரடி அனுமதி கிடையாது. ஆகவே டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், பிளெமியர் (இன்றைய பெல்ஜியப் பகுதியினர்), ஜெர்மானியர் ஆகியோர் தங்கள் துணிகளையும் இரும்புச் சாமான்களையும் ஸ்பானிய வணிகர்களின் பெயரில் அனுப்பி, விற்ற வெள்ளியை அதே பெயரில் திரும்பப் பெற்றனர். இது முதல் போர்வை. உரிமம் இல்லாமல் ஸ்பெயினிலிருந்து வெள்ளியை வெளியே கொண்டுபோவதும் குற்றம். அதனால் காதிஸில், பணம் வாங்கிக்கொண்டு இரவோடு இரவாக நகர மதிலைத் தாண்டி வெள்ளியைப் படகில் சேர்த்துவிடும் ஆட்களே ஒரு தனித் தொழிற்கூட்டமாக இருந்தனர். அப்படி ஏறிய வெள்ளிக்கு உண்மையான விவரங்களோடு சீட்டு எழுதுவது, பிடிபட்டால் தன்னைத் தானே காட்டிக்கொடுப்பதாகும். இது இரண்டாம் போர்வை. போர் வந்ததும் நடுநிலை நகரத்தாரின் பெயர் அதன் மேல் மூன்றாவதாக வந்து படிந்தது.

இந்த இடத்தை ஊன்றிக் கவனிக்கும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். மிளகுக்கும் துணிக்கும் தாள் இல்லையென்றால் அது சந்தேகத்துக்கு இடம் தரும். வெள்ளிக்குத் தாள் இல்லாமல் இருப்பது இயல்பு. நேர்மையான உரிமையாளரும் அதைத் தாளில் எழுத அஞ்சினார். ஆகவே தாள் விட்ட இடத்தை வாய்மொழி நிரப்ப வேண்டியிருந்தது. நீதிமன்றம் வணிகர் சாட்சியத்தை இவ்வளவு பெரிதாக நம்பியிருந்ததன் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

சரக்கைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம். வெள்ளி இரண்டு வடிவங்களில் பயணம் செய்தது: கட்டியாகவும் நாணயமாகவும். முறையாகப் பதிவான கட்டி ஒரு வகையில் தன் கதையைத் தானே சொல்லும். வார்ப்பக எண், மாற்று (வெள்ளியின் தூய்மை அளவு), அரசனுக்குரிய வரி செலுத்தப்பட்டதைக் காட்டும் முத்திரை, உரிமையாளரின் குறி ஆகியவை அதன் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். 1622இல் புளோரிடாவுக்கு அருகே புயலில் மூழ்கிய 'நுவெஸ்த்ரா செஞ்ஞோரா தெ அதோச்சா' என்ற ஸ்பானியக் கப்பலின் சில வெள்ளிக் கட்டிகள் 1973இல் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டபோது, அவற்றின் மேல் இருந்த எண்கள் செவில்லில் பாதுகாக்கப்பட்டிருந்த சரக்குப் பட்டியலோடு பொருந்தின. 350 ஆண்டுகள் உப்புநீரில் கிடந்த பிறகும் கட்டி தன் அடையாளத்தை இழக்கவில்லை.

நாணயம் அப்படியல்ல. 'எட்டு ரியால்' என்ற ஸ்பானிய வெள்ளி நாணயம் ஒன்று ஏறத்தாழ 27 கிராம் எடையுள்ளது. ஆயிரம் நாணயங்களை ஒரு பையில் கட்டுவது ஸ்பானிய வழக்கம். அப்படியானால் ஒரு பை சுமார் 27 கிலோ, இன்று கடையில் வாங்கும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிடச் சற்றே கூடுதல். ஒரே ஆள் தோளில் தூக்கிக்கொண்டு படகில் இறக்கிவிடலாம். நாணயத்தின் மேல் இருப்பது அரசரின் பெயரும் சின்னமும். உரிமையாளரின் பெயர் அதில் எங்கும் இல்லை. பையைப் பிரித்து இன்னொரு பையோடு கலந்துவிட்டால், எந்த நாணயம் யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால் சாட்சிகள் நாணயத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பையைப் பற்றியும், பெட்டியைப் பற்றியும், அதன் மேல் இருந்த வணிகக் குறியைப் பற்றியும்தான் பேசினார்கள். ஒவ்வொரு வணிகருக்கும் கோடுகளும் எழுத்துகளும் சேர்ந்த ஒரு குறி உண்டு. அதைப் பெட்டியில் மையால் எழுதி, சரக்குச் சீட்டின் ஓரத்திலும் வரைவார்கள். 'இந்தக் குறியை இவர் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துவதை நான் அறிவேன்' என்பது அன்றைய நீதிமன்றத்தில் எடை மிகுந்த வாக்கியம்.

இனி, சாட்சியம் எடுக்கப்பட்ட முறை. லண்டனில் இத்தகைய வழக்குகளை விசாரித்தது கடற்படை நீதிமன்றம். அது இங்கிலாந்தின் மற்ற நீதிமன்றங்களைப் போல ஜூரிகளை வைத்து நடக்கவில்லை. ரோமானியச் சட்ட மரபைப் பின்பற்றியது. நீதிபதியின் முன் கூண்டில் ஏறி நின்று குறுக்கு விசாரணைக்கு ஆளாகும் காட்சியை இங்கே நினைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு தரப்பு தன் வாதத்தை எண்ணிட்ட பத்திகளாக எழுதிக் கொடுக்கும். எதிர்த்தரப்பு அதற்கு எதிரான கேள்விகளை எழுதிக் கொடுக்கும். சாட்சியைத் தனியறையில் உட்காரவைத்து, சத்தியம் வாங்கி, ஒவ்வொரு பத்திக்கும் அவர் சொல்லும் விடையை அலுவலர் படர்க்கையில் எழுதிக்கொள்வார். வேற்று மொழிக்காரராக இருந்தால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார். எழுதியதை வாசித்துக் காட்டியபின் சாட்சி கையொப்பமிடுவார். நீதிபதி பார்த்தது அந்தத் தாளை மட்டுமே. சாட்சியின் முகத்தையோ தடுமாற்றத்தையோ அன்று.

அத்தாள் எப்படி இருக்கும் என்பதைக் காட்ட, விளக்கத்துக்காக நானே அமைத்த ஒரு மாதிரியைத் தருகிறேன். இது எந்த உண்மையான ஆவணத்தின் நகலும் அன்று:

'காதிஸில் வசிக்கும் வணிகர், வயது முப்பத்தைந்து அல்லது அதை ஒட்டி. முதல் பத்திக்கு அவர் சொல்வது: சரக்கின் உரிமையாளர் என்று கூறப்படுபவரைப் பத்து ஆண்டுகளாக அறிவார், அவருக்கு முகவராகத் துணி விற்றுக் கொடுத்திருக்கிறார். இரண்டாம் பத்திக்குச் சொல்வது: வழக்கிலுள்ள நான்கு பைகளைத் தம் வீட்டில் வைத்து எண்ணிக் கட்டினார், அந்தத் துணி விற்ற பணம்தான் அது. மூன்றாம் பத்திக்குச் சொல்வது: சீட்டின் ஓரத்தில் உள்ள குறி தம் கையால் வரைந்தது. நான்காம் பத்திக்குச் சொல்வது: கப்பல் எந்தத் துறைக்குச் செல்லவிருந்தது என்பதைக் கப்பல் தலைவர் சொல்லக் கேட்டதைத் தவிர வேறு அறியார்.'

இந்தச் சிறு மாதிரியில் நான்கு விடைகளும் ஒரே தரத்தவை அல்ல என்பதைப் பாருங்கள். எண்ணிக் கட்டியதும் குறி வரைந்ததும் அவர் தாமே செய்தவை. பணம் எதிலிருந்து வந்தது என்பதற்கு அவருடைய பேரேடு துணை நிற்கும். துறைமுகம் எது என்பதோ காதால் கேட்டது மட்டுமே. அக்கால நீதிபதிகள் இந்த வேறுபாட்டில் மிகுந்த கவனம் செலுத்தினர். 'அந்த வெள்ளி இன்னாருடையது' என்று அழுத்தமாகச் சொல்பவரைவிட, 'நான் பார்த்தது இவ்வளவு, எனக்குத் தெரிந்த வழி இது' என்று சொல்பவரின் சாட்சியமே வலுவானது. ரோமானியச் சட்ட மரபில் ஒற்றைச் சாட்சி பாதிச் சான்றாகவே கருதப்பட்டது. முழுச் சான்றுக்கு ஒத்துப் பேசும் இருவராவது வேண்டும்.

எதிர்த்தரப்பின் கேள்விகள் இதைவிடக் கூர்மையானவை. நீர் எங்கே பிறந்தீர், கடந்த ஏழு ஆண்டுகள் எங்கே வசித்தீர், எந்த அரசின் குடி, மனைவி மக்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், கடன் போக உமது சொத்து எவ்வளவு, இந்த வழக்கில் யார் வெல்ல வேண்டும் என்று விரும்புகிறீர், சாட்சி சொல்ல வருவதற்கு யாராவது பணம் தந்தார்களா, கப்பல் பிடிபட்ட வேளையில் ஏதேனும் தாள்கள் கடலில் எறியப்பட்டனவா? கடைசிக் கேள்வி பல வழக்குகளின் போக்கையே திருப்பக்கூடியது. எதிரிக் கப்பல் தெரிந்ததும் கடிதக் கட்டு ஒன்றை ஈயக் குண்டோடு சேர்த்துக் கட்டிக் கடலில் போட்டதாக ஒரு கப்பல் பையன் சொல்லிவிட்டால், அழகாக எழுதப்பட்ட சரக்குச் சீட்டுகள் எல்லாம் மதிப்பிழந்துபோகும்.

இந்தக் கேள்விகள் அனைத்துக்கும் அடியில் ஓடும் கேள்வி ஒன்றுண்டு. சரக்குச் சீட்டுகளிலும் மனுக்களிலும் திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர், 'இன்னாரின் கணக்கிலும் இன்னாரின் பொறுப்பிலும்' என்பது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வழக்கு புரிந்துவிடும். கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் லாபம் யார் பேரேட்டில் ஏறும்? கடலில் மூழ்கினால் நட்டம் யார் தலையில் விழும்? அவரே உரிமையாளர். சீட்டில் எழுதியிருக்கும் பெயர் அனுப்புபவருடையதாக இருக்கலாம், பெற்றுக்கொள்பவருடையதாக இருக்கலாம், தரகுக்கு உழைக்கும் முகவருடையதாகவும் இருக்கலாம். கப்பல் மூழ்கிய செய்தி வந்த இரவில் தூக்கத்தை இழப்பவர் யார் என்பதே நீதிமன்றம் அறிய விரும்பியது. ஹாம்பர்க் பெயர் தாங்கிய வெள்ளிக்கு ஆம்ஸ்டர்டாமில் காப்பீடு எடுக்கப்பட்டிருந்தது தெரிய வந்தால், ஆம்ஸ்டர்டாமில் ஒருவருக்கு அதில் அக்கறை இருந்தது என்றே பொருள்.

சாட்சி சொன்ன வணிகர்களைப் பொய்யர்கள் என்றோ உத்தமர்கள் என்றோ ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. காதிஸில் இருந்த முகவருக்குத் தம் முதலாளி யார் என்பது தெரியும். அந்த முதலாளிக்குப் பின்னால் வேறொருவர் இருக்கிறாரா என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். தெரிந்திருந்தாலும், உண்மையைச் சொன்னால் ஸ்பெயினில் அவர் தலைக்கு ஆபத்து. உரிமம் இல்லாத வெள்ளியை ஏற்றியதாகத் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டவர் ஆவார். சொல்லாவிட்டால் லண்டனில் சரக்கு போகும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒருவர் சொற்களை எப்படி அளந்து பேசுவார் என்பதை மனத்தில் வைத்துத்தான் இந்தத் தாள்களை வாசிக்க வேண்டும்.

மூன்று வெள்ளிக் கப்பல்களின் வழக்கில் ஈடுபட்ட ஒருவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தாமஸ் வயலெட் என்ற லண்டன் பொற்கொல்லர், வெள்ளியை விடுவித்துவிடக் கூடாது என்று முனைந்து நின்று, அது டச்சுச் சொத்து என்பதை நிறுவச் சான்றுகள் திரட்டினார். இவரே 1630களில் பொன்னையும் வெள்ளியையும் சட்டத்தை மீறி வெளிநாட்டுக்கு அனுப்பிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, பிறகு மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கும் பணியில் இறங்கியவர். வெள்ளி எந்தப் பெயரில் எந்த வழியில் மறைந்து செல்லும் என்பது அவருக்கு நன்கு தெரிந்திருந்தது. அதனால் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. வெள்ளி பறிமுதலானால் தமக்கு வெகுமதி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் அவரிடம் இருந்தது; அதனால் அவர் சொல்லில் சந்தேகமும் இருந்தது. இரண்டும் ஒரே மனிதரிடம் கூடியிருந்தன. வெள்ளி லண்டன் கோபுரத்தில் இருந்த நாணயச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. 1659இல் கூட வயலெட் இந்த வழக்கைப் பற்றித் தம் தரப்பு விவரத்தை அச்சிட்டு வெளியிட்டார்.

சரக்கின் உரிமை, உரிமையாளர் எந்த நாட்டவர் என்ற கேள்வியாக மாறிவிடுவதும் உண்டு. 1656இல் இங்கிலாந்து ஸ்பெயினோடு போரில் இறங்கியபின், லண்டனில் வாழ்ந்த அந்தோனியோ ரோட்ரிகஸ் ரோப்லெஸ் என்ற வணிகரின் கப்பல்களும் சரக்குகளும், அவர் ஸ்பானியர் என்ற குற்றச்சாட்டின் பேரில் முடக்கப்பட்டன. சரக்கு அவருடையது என்பதில் ஐயம் இல்லை. அவர் யார் என்பதுதான் ஐயம். தாம் போர்த்துக்கீசியர் என்றும், யூத இனத்தவர் என்றும், ஸ்பெயினின் சமய விசாரணை மன்றத்தால் தம் குடும்பம் சிதைந்தது என்றும் அவர் மனு கொடுத்தார். லண்டன் வணிகர்கள் பலர் சாட்சிக்கு வந்தனர். அவர் போர்த்துக்கலில் பிறந்தவர் என்றார் ஒருவர். ஸ்பெயின் தூதரின் வீட்டில் நடந்த கத்தோலிக்க வழிபாட்டுக்கு அவர் போனதைக் குறிப்பிட்டார் இன்னொருவர். சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அவரது நாடு எது என்பது ஐயமின்றி நிறுவப்படவில்லை. ஆனாலும் மே மாதத்தில் சரக்கை விடுவிக்கும்படி உத்தரவு வந்தது. அதுவரை லண்டனில் தம் சமயத்தை மறைத்து வாழ்ந்த யூத வணிகர்கள் வெளிப்படையாகத் தலைநிமிர்வதற்கு அந்த உத்தரவு ஒரு வழியைத் திறந்துவிட்டது. சரக்கு ஒன்றின் உரிமையைக் காக்க எழுந்த வழக்கு, ஒரு சமூகத்தின் இருப்பையே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

இந்த வெள்ளியின் நெடும்பயணம் ஐரோப்பாவோடு முடியவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் சேர்ந்த ரியால்களில் ஒரு பகுதியை டச்சு, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிகள் ஆசியாவுக்கு அனுப்பின. சோழமண்டலக் கரையில் அவை துணிக்கு விலையாயின. இங்கே பொன் வராகனே பெரும்புழக்கத்தில் இருந்ததால், வந்த வெள்ளியை மாற்றியும் உருக்கியும் பயன்படுத்த வேண்டியிருந்தது. புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்திறங்கிய பெட்டியில் பழைய உரிமையாளர் எவரின் குறியும் பொருட்படுத்தப்படவில்லை. உருக்கு உலையில் பொட்டோசியின் வெள்ளியும் மெக்சிகோவின் வெள்ளியும் ஒன்றாயின.

ஆனால் அந்த வெள்ளிக்காக லண்டனில் பேசப்பட்ட சொற்கள் உருகிப்போகவில்லை. கடற்படை நீதிமன்றத்தின் சாட்சிய ஏடுகள் தொகுதி தொகுதியாக இன்றும் இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதன்முறை ஒன்றைத் திறப்பவர், சாட்சியின் பெயரையும் வயதையும் தொழிலையும் கடந்து, அவர் வேற்றுத் தரப்பின் கேள்விகளுக்குச் சொன்ன விடைகளை முதலில் படிப்பது நல்லது. ஒருவரின் நலன் எங்கே கட்டுண்டிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். பிறகு பத்திகளுக்கு வந்து, 'பார்த்தார்', 'எண்ணினார்', 'எழுதினார்' என்ற வினைகளையும், 'கேள்விப்பட்டார்', 'நம்புகிறார்' என்ற வினைகளையும் தனித்தனியே குறித்துக்கொள்ளலாம். தாளின் அடியில் வணிகர்கள் பழகிய கையால் நீளமாகக் கையொப்பமிட்டிருப்பார்கள். எழுதத் தெரியாத மாலுமி தன் பெயரின் முதலெழுத்தை மட்டும், அல்லது ஒரு சிறு குறியை மட்டும், மை திரண்டு நிற்கும்படி அழுத்தி வரைந்திருப்பார்.